4100-ஐ ஏன் 00 41 என்று எழுதுகிறோம்?

தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்த யாரிடமாவது 4100 என்று சொல்லிப் பாருங்கள். படிப்பு முடிந்து இருபது வருடம் ஆகியிருக்கலாம், வங்கி வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போயிருக்கலாம். இருந்தாலும் "மைக்ரோபிராசசர் லேப்!" என்று சட்டென்று சொல்வார்கள். 8085 கிட்டில் நாம் தட்டும் புரோகிராம் தொடங்குகிற முகவரி அது. டேட்டா 4500-ல். ஹெக்ஸ் கீபோர்டில் ஒவ்வொரு பைட்டாகத் தட்ட வேண்டும். சிவப்பு எண்கள் ஒளிரும். நடுவில் ஒரு பைட் தவறினால் விடை வராது, ரீசெட்டை அழுத்திவிட்டு முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கும்வரை வெளியே போக முடியாது.

என் வேலைக்காலம் முழுவதும் அந்த லேபில்தான் கழிந்தது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. லேப் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தேன், மேற்படிப்பு முடித்து விரிவுரையாளரானேன், துறைத்தலைவராக ஓய்வு பெற்றேன். இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 8085-ஐப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். பல கல்லூரிகளில் அதன் இடத்துக்கு 8051-ம் ஆர்ம் பிராசசரும் வந்துவிட்டன. மிச்சமிருக்கும் இடங்களில் ஒப்புக்கு நடத்துகிறார்கள். ஐம்பது வருடப் பழைய சிப்பைப் படித்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பழையது என்ற காரணத்துக்காக 8085-ஐ எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால், இப்போது நடத்துகிற விதத்தில்தான் தொடர்ந்து நடத்தப் போகிறோம் என்றால், இன்றைக்கே எடுத்துவிடுவது மாணவர்களுக்குச் செய்யும் நன்மை.

எப்படி நடத்துகிறோம்? பின் டயகிராமைப் படம் போட்டு 40 பின்களுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதச் சொல்கிறோம். அது சிக்ஸ்டீன் மார்க் கேள்வி. கொடிகள் ஐந்து, அவற்றின் பெயர் என்ன என்பது டூ மார்க். ஆப்கோடு பட்டியலை லேபுக்குக் கொண்டுவந்து பார்த்துப் பார்த்துத் தட்டச் சொல்கிறோம். ஆர்எஸ்டி 5.5-ன் முகவரி 002சி என்று நெட்டுருப் போடச் சொல்கிறோம். எதற்கும் காரணம் சொல்வதில்லை. காரணம் கேட்கும் மாணவனைச் சந்தேகமாகப் பார்க்கிறோம். உண்மையில் 8085-ல் காரணமில்லாத எதுவும் கிடையாது. சுமார் 6,500 டிரான்சிஸ்டர்கள்தான் அதில் இருக்கின்றன. இன்றைய கைப்பேசியின் சிப்பில் பல நூறு கோடி. அதைத் தனியொருவர் முழுதாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. 8085-ஐப் புரிந்துகொள்ள ஒரு மாணவிக்கு ஒரு செமஸ்டர் போதும், ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் இருந்த மனிதர்களையும் நெருக்கடியையும் சேர்த்தே புரிந்துகொள்ளலாம். இந்த வசதி வேறு எந்தப் பாடத்திலும் நமக்குக் கிடைக்காது.

ஜம்ப் கட்டளையை எடுத்துக்கொள்வோம். 4100-க்குத் தாவு என்று நோட்டில் எழுதுகிறோம். கிட்டில் தட்டும்போது சி3, 00, 41. முகவரியின் பின்பாதி முதலில் வருகிறது, முன்பாதி அப்புறம் வருகிறது. "ஏன் சார் தலைகீழா போடணும்?" என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் கேட்பார். "லோயர் ஆர்டர் பைட் ஃபர்ஸ்ட், அது ரூல்" என்பதுதான் அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். ரூல் என்று சொல்லி மூடிவிடக்கூடிய விஷயமில்லை அது. அந்த ரூலுக்கு ஊர் உண்டு, பெயர் உண்டு, வருடம் உண்டு.

ஊர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் சான் அன்டோனியோ. அங்கே 1968-ல் ஃபில் ரே, கஸ் ரோச் என்ற இருவர் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகத் தூரத்திலுள்ள பெரிய கணினியோடு தொடர்புகொள்ளும் டெர்மினல்களைச் செய்வது அவர்கள் தொழில். அதுவரை அந்த வேலைக்குப் பெரும்பாலும் டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம்தான் இருந்தது. காகிதத்தில் அடித்துத் தள்ளும், சத்தம் காதைப் பிளக்கும். அதற்குப் பதிலாகத் திரை வைத்த டேட்டாபாயின்ட் 3300-ஐச் செய்தார்கள். அடுத்து, வெவ்வேறு கணினிகளோடு பேசும்படி புரோகிராம் மாற்றிக்கொள்ளக்கூடிய டெர்மினலைச் செய்யலாம் என்று திட்டமிட்டார்கள். டேட்டாபாயின்ட் 2200 அப்படித்தான் பிறந்தது. அதன் கட்டளைத் தொகுதியை வகுத்தவர்கள் விக்டர் பூர், ஹாரி பைல் என்ற இரண்டு ஹாம் ரேடியோக்காரர்கள். 1969-ல் ஒரு பண்டிகை விடுமுறையில், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை எழுதினார்கள்.

2200 மேசையில் வைக்கிற அளவுதான். வரிக்கு 80 எழுத்தாகப் பன்னிரண்டு வரி காட்டும் திரை, இரண்டு கேசட் டிரைவ், கூடவே கீபோர்டு. உள்ளே பிராசசர் என்று ஒற்றைச் சிப் கிடையாது. ஏறக்குறைய நூறு டிடிஎல் சிப்களைப் பலகையில் அடுக்கி அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன். மெமரி அன்று தங்க விலை. அதனால் ஷிஃப்ட் ரிஜிஸ்டரை மெமரியாகப் பயன்படுத்தினார்கள். ரேஷன் கடை வரிசைபோல அதில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய பிட் முன்னால் வரும்வரை காத்திருந்துதான் எடுக்க வேண்டும். பிராசசரும் ஒரு நேரத்தில் ஒரு பிட்டைத்தான் கையாளும். இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமானால் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கினால்தான் கையில் நிற்கும் ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியும். கடைசி பிட் முதலில் வந்தாக வேண்டும், ஆகவே கடைசி பைட்டும் முதலில் வந்தாக வேண்டும். சாத்தூரிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் 00 போட்டு 41 போடுவதற்குக் காரணம் இதுதான். அந்த ஷிஃப்ட் ரிஜிஸ்டர் மெமரி வழக்கொழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அது விட்டுப்போன வரிசை மட்டும் மாறவில்லை.

நூறு சிப் வேலையை ஒரே சிப்பில் அடக்க முடியுமா என்று பார்க்க, அந்த நிறுவனத்தார் இன்டெலை அணுகினார்கள். இன்டெல் அப்போது மெமரி சிப் விற்கும் சின்ன நிறுவனம். முடியும் என்றார் ஸ்டான் மேசர். 1970-ல் ஹால் ஃபீனி என்ற இளம் பொறியாளரிடம் வேலை கொடுக்கப்பட்டது. நடுவில் நிறுத்திவைத்து, 1971-ல் ஃபெடரிக்கோ ஃபாஜினின் மேற்பார்வையில் மறுபடி தொடங்கினார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அதே வடிவத்துக்கு ஒரு சிப் செய்தது. அது சந்தைக்கே வரவில்லை. இன்டெல் தன் சிப்பை முடிப்பதற்குள் சான் அன்டோனியோக்காரர்கள் பொறுமை இழந்தார்கள். கைக்கு வரப்போகும் சிப், தாங்கள் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கும் பலகையைவிட மெதுவாக ஓடும் என்பதும் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றார்கள். சிப்புக்குப் பணம் தருவதற்குப் பதிலாக, அந்த வடிவத்தை இன்டெலே வைத்துக்கொண்டு விற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1972 ஏப்ரலில் அது 8008 என்ற பெயரில் வெளிவந்தது. சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள், 18 பின்கள்.

பாடப்புத்தகங்களில் இந்தக் கதை இல்லை. 1971-ல் 4004, நான்கு பிட். 1972-ல் 8008, எட்டு பிட். நான்கை இரண்டால் பெருக்கி எட்டாக்கினார்கள் என்பதுபோல ஒரு அட்டவணை போட்டு முடித்துவிடுவார்கள். 4004 ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்தின் கால்குலேட்டருக்காகச் செய்யப்பட்டது. 8008 டெக்சாஸ் டெர்மினலுக்காகச் செய்யப்பட்டது. இரண்டும் வேறு வேறு குடும்பம். பூர், பைல், ஃபீனி ஆகியோரின் பெயரைக் கேள்விப்படாமலேயே நம் ஊரில் பொறியாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டம் வாங்கிவிட்டார்கள். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து எழுதியதைத்தான் நாம் லேபில் தட்டுகிறோம். இந்த மறதி எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எட்டு பிட் ரிஜிஸ்டர்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாகப் பெயர் வைத்துவிட்டு, எஃப், ஜி-யைத் தாண்டி ஹெச், எல் என்று ஏன் போனார்கள்? முகவரியின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் வைத்திருக்கத்தான் அந்த இரண்டும். 2200-லேயே அப்படித்தான். பாரிட்டி கொடி எதற்கு? லேபில் செய்யும் சோதனைகளில் அதைத் தொடும் வேலையே பெரும்பாலும் வராது. டெலிபோன் கம்பியில் எழுத்துகள் பழுதில்லாமல் வந்தனவா என்று பார்க்க ஒரு டெர்மினலுக்கு அது அவசியம். இன்டெல் பிராசசர் உள்ள இன்றைய லேப்டாப்பிலும் அந்தக் கொடி இருக்கிறது. இன்றும் அது கடைசி எட்டு பிட்டுகளை மட்டும்தான் எண்ணிப் பார்க்கிறது.

ஆப்கோடு பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். எங்கள் லேபில் நான் முதல் வகுப்பிலேயே பட்டியலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் எட்டுப் பெயர்களை எழுதுவேன்: பி, சி, டி, ஈ, ஹெச், எல், எம், ஏ. இவற்றுக்கு 0 முதல் 7 வரை எண். மூவ் கட்டளைக்கு முதல் இரண்டு பிட் 01. அடுத்த மூன்று பிட், எங்கே போக வேண்டும் என்பது. கடைசி மூன்று, எங்கிருந்து வர வேண்டும் என்பது. மூவ் ஏ, பி என்றால் 01, 111, 000. நாலு நாலாகப் பிரித்தால் 0111, 1000. அதாவது 78. பட்டியலில் பாருங்கள் என்பேன். பார்ப்பார்கள். 78-தான் இருக்கும். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். கூட்டல், கழித்தல் முதலிய கணக்குக் கட்டளைகளுக்கு 10 என்று தொடங்கி இதேபோல இன்னொரு விதி. இரண்டு விதி தெரிந்தால் 256 குறியீடுகளில் சரிபாதி கையில்.

அப்போது யாராவது ஒரு பிள்ளை மூவ் எம், எம் போட்டுப் பார்ப்பாள். 01, 110, 110. அது 76. பட்டியலில் 76-க்கு நேரே ஹால்ட் என்று இருக்கும். "சார், இது தப்பா வருதே?" தப்பில்லை. எம் என்றால் மெமரி. மெமரியில் இருப்பதை எடுத்து அதே இடத்தில் வைப்பதால் யாருக்கும் பயனில்லை. அந்த வீணான இடத்தை, நிற்கச் சொல்லும் கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தைக்கூட வீணாக்காமல் அன்று எப்படி யோசித்தார்கள் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கும் நேரம் அது. அதற்குப் பிறகு 76-ஐ யாருக்கும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

8008-க்குப் பின் 1974-ல் 8080 வந்தது. ஃபாஜினும், 4004 வேலைக்காக ஜப்பானிலிருந்து வந்து பிறகு இன்டெலிலேயே சேர்ந்த மசடோஷி ஷிமாவும் செய்தது. ஷிமா கல்லூரியில் படித்தது வேதியியல். எந்தத் துறையில் சேர்ந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது என்று சொல்ல எனக்கு அவர் பெயர் நிறைய உதவியிருக்கிறது. 8080 பெரிய வெற்றி. 1975 ஜனவரியில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் வந்த ஆல்டேர் கணினியில் இருந்தது அதுதான். ஆனால் அதற்கு மூன்று வகை மின்சாரம் வேண்டும்: +5, +12, −5 வோல்ட். −5 இல்லாமல் +12 போய்ச் சேர்ந்தால் சிப் பாழாகிவிடலாம். போதாதற்கு கிளாக் கொடுக்க ஒரு சிப், கட்டுப்பாட்டு சிக்னல்களுக்கு ஒரு சிப். ஃபாஜினும் ஷிமாவும் வெளியேறி ஸைலாக்கில் இசட்80-ஐச் செய்துகொண்டிருந்த காலத்தில், இன்டெல் 1976-ல் 8085-ஐக் கொண்டுவந்தது. பெயரிலுள்ள 5, ஐந்து வோல்ட் மட்டும் போதும் என்பதைக் குறிக்கிறது. கிளாக் சிப்பும் கட்டுப்பாட்டுச் சிப்பும் உள்ளேயே போய்விட்டன.

40 பின்களுக்கு மேல் கிடையாது, புதிய வசதிகளுக்கு இடம் வேண்டும். முகவரியின் கீழ்ப்பாதி எட்டு பிட்டையும் டேட்டா எட்டு பிட்டையும் ஒரே எட்டுக் கம்பியில் மாறி மாறி அனுப்பினார்கள். இப்போது கம்பியில் போவது முகவரி என்று சொல்ல ஏஎல்இ என்ற ஒரு பின். அந்த ஒன்று போக ஏழு பின் மிச்சமாயிற்று. அதனால்தான் நம் பிள்ளைகள் பரீட்சையில் 74373 லேட்ச்சை வரைகிறார்கள். இன்டெல்லின் கணக்கு வேறு. அந்த லேட்ச்சை உள்ளேயே வைத்திருக்கும் 8155, 8355 என்ற துணைச் சிப்களையும் கூடவே விற்றது. பிராசசரோடு சேர்த்து மூன்றே சிப்பில் ஒரு முழு கணினி. வெளியே லேட்ச் தேவைப்படாது. இதைச் சொல்லாமல் ஏஎல்இ-யை நடத்தினால், எதற்காக இப்படிச் சுற்றி வளைத்தார்கள் என்று மாணவனுக்கு எரிச்சல்தான் வரும்.

மிச்சமான பின்களில்தான் ஆர்எஸ்டி 5.5, 6.5, 7.5, ட்ராப் ஆகிய இன்டரப்ட்கள் உட்கார்ந்தன. அது என்ன ஐந்தரை? 8008 காலத்திலிருந்தே ஆர்எஸ்டி 0 முதல் 7 வரை ஒரே பைட் கட்டளைகள் உண்டு. எண்ணை எட்டால் பெருக்கினால் தாவ வேண்டிய முகவரி. ஐந்துக்கு 40, ஆறுக்கு 48. ஹெக்ஸில் 28, 30. நடுவில் ஒரு இடம் வேண்டுமானால் 44, அதாவது 2சி. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருப்பதால் 5.5. அங்கிருந்து அடுத்த முகவரி தொடங்கும்வரை நான்கு பைட் கிடைக்கும். ஒரு ஜம்ப் கட்டளைக்கு மூன்று போதும். இந்த ஒரு பெருக்கல் தெரிந்தால் நான்கு முகவரிகளையும் நெட்டுருப் போட வேண்டாம்.

ஒரு வருடம் பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்திருந்தார். வைவாவில் ட்ராப்பின் முகவரி என்ன என்று ஒரு மாணவியைக் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "நாலரையை எட்டால் பெருக்கினா முப்பத்தாறு சார், ஹெக்ஸ்ல 24" என்றாள். "கணக்கு கேக்கலம்மா. அட்ரஸ் தெரியுமா, தெரியாதா?" என்றார் அவர். அவளுக்கு அடுத்து வந்த பையன் 0024 என்று பட்டென்று சொன்னான், எங்கிருந்து வந்தது என்று அவனை யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் அவனுக்குத்தான் கூட. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. காரணத்தோடு பதில் சொன்ன பிள்ளையைத் தயங்குகிறாள் என்று எண்ணும் தேர்வு முறை எந்தப் பாடத்தை வைத்தாலும் பொறியாளரை உருவாக்காது. 8085-ஐ எடுத்துவிட்டு ஆர்மை வைத்தால், ஆர்மின் ரிஜிஸ்டர் பெயர்களை நெட்டுருப் போடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும்.

இன்னொரு டூ மார்க் கேள்வியைப் பார்ப்போம். 8085-ல் எத்தனை ஆப்கோடுகள்? விடை 246. எட்டு பிட்டில் 256 குறியீடு முடியும். மீதி பத்து எங்கே போயின? இதைக் கேட்கும் வினாத்தாளை நான் பார்த்ததில்லை. 8080-ல் பன்னிரண்டு இடங்கள் காலியாக இருந்தன. 8085-ஐச் செய்தவர்கள் பன்னிரண்டையும் நிரப்பினார்கள். ரிம், சிம் என்ற இரண்டை மட்டும் இன்டெல் வெளியில் சொன்னது. மற்ற பத்தும் சிலிக்கானில் இருக்கின்றன, கையேட்டில் இல்லை. அதே காலத்தில் இன்டெல் 8086-க்கான வேலையைத் தொடங்கியிருந்தது. பழைய புரோகிராம்களை அதற்கு மாற்றிக்கொள்ள வழி வைக்க வேண்டும். பத்தையும் அறிவித்துவிட்டால் அவற்றையும் புதிய சிப் சுமக்க வேண்டியிருக்கும் என்று மறைத்துவிட்டார்கள். ஆனாலும் 1979-லேயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் இதழில் வெளியாட்கள் இருவர் அந்தப் பத்தையும் எழுதிவிட்டார்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் லேபில் சோதித்துப் பார்த்தோம். ஹெச்எல் ஜோடியில் 4567, பிசி ஜோடியில் 1234. வழக்கமாக ஒரு பதினாறு பிட் கழித்தலுக்கு ஆறு வரி எழுத வேண்டும். அதற்குப் பதிலாகப் பட்டியலில் இல்லாத 08 என்ற ஒரே பைட்டைத் தட்டினோம். எக்சிகியூட் செய்துவிட்டு ஹெச்எல்-ஐப் பார்த்தால் 3333. பின்வரிசையில் எப்போதும் தூங்கும் பையன் எழுந்து முன்னால் வந்து நின்றான். மீதி ஒன்பதையும் அன்று மாலைக்குள் தேடிப் பார்த்துவிட வேண்டும் என்று லேபை மூட விடாமல் நின்றார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றுக்காக மாணவர்கள் லேபில் தங்கியது எனக்கு மறக்காது.

சிப்பின் மூடியைக் கழற்றி நுண்ணோக்கியில் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக வாசிக்கும் ஆர்வலர்கள் இப்போது இருக்கிறார்கள். 8085-ஐயும் அப்படி வாசித்திருக்கிறார்கள். அதிலிருந்து தெரிந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. எக்ஸ்சேஞ்ச் கட்டளை டிஈ-யையும் ஹெச்எல்-ஐயும் இடம் மாற்றும் என்று நடத்துகிறோம். உள்ளே ஒரு பிட்கூட நகர்வதில்லை. ஒரே ஒரு ஃபிளிப்ஃப்ளாப் புரள்கிறது. அதுவரை டிஈ என்றிருந்த ரிஜிஸ்டருக்கு ஹெச்எல் என்று பெயர் மாறிவிடுகிறது. ரிஜிஸ்டர் ஜோடியில் ஒன்றைக் குறைக்கும் டிசிஎக்ஸ் கட்டளை பூஜ்யத்துக்கு வந்தாலும் ஜீரோ கொடி ஏன் எழுவதில்லை என்ற கேள்விக்கும் படத்திலேயே விடை கிடைக்கும். முகவரிகளை ஒன்று கூட்டிக் குறைக்கும் தனிச் சுற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. கணக்குப் போடும் பகுதிக்கும் ஜீரோ கொடிக்கும் அங்கே வழியே இல்லை. லூப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, "ரூல் அப்படி" என்பதைவிட இது எவ்வளவு பெரிய பதில்!

8085 செவ்வாய் வரை போயிருக்கிறது. 1997-ல் அங்கே உருண்ட சோஜர்னர் ஊர்தியில் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடிய 80சி85 இருந்தது. இந்தப் பெருமையைச் சொல்லித்தான் பலரும் 8085-ஐக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வாதம் போதாது. இன்றைய வேலைக்கும் நாளைய வேலைக்கும் இது உதவுமா என்பதற்கு நான் நேராகவே பதில் சொல்கிறேன். சென்னை ஐஐடி-யில் உருவான சக்தி பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் அதன் ஒரு சிப் மொஹாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவத்தைப் பின்பற்றுவது. ரிஸ்க்-ஃபைவ் கையேட்டின் சிறப்பே, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தோம் என்று அதை எழுதியவர்கள் ஆங்காங்கே விளக்கியிருப்பதுதான். மெமரியில் கடைசி பைட்டை ஏன் முதலில் வைத்தோம் என்பதற்கும் காரணம் தந்திருக்கிறார்கள். சந்தையில் அந்த முறைதான் ஓங்கியிருக்கிறது, இன்டெல் வழிவந்த கணினிகள் எல்லாமே அப்படித்தான் என்கிறார்கள். அந்த இன்டெல் கணினிகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதை மேலே பார்த்தோம். சான் அன்டோனியோவில் மெமரி செலவை மிச்சப்படுத்த எடுத்த ஒரு முடிவு, அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையில் வடிவமைத்த சிப்பிலும் நிற்கிறது. நாளை சக்தியையோ அதற்கு அடுத்ததையோ வடிவமைக்கப் போகிற பிள்ளைகள், தாங்கள் இன்று சௌகரியத்துக்காக எடுக்கும் முடிவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதை வேறு எங்கே கற்பார்கள்?

நாட்டில் சிப் ஆலைகள் வருகின்றன, வடிவமைப்பு வேலைகள் பெருகுகின்றன என்று தினமும் செய்தி படிக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆலைக்கு முதலீடு வேண்டும், வடிவமைப்புக்குக் காரணம் கேட்டுப் பழகிய ஆட்கள் வேண்டும். அந்தப் பழக்கத்தை 6,500 டிரான்சிஸ்டர்களில் தொடங்குவது எளிது.

எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. பாடத்திட்டம் வகுப்பவர்கள் 8085-க்கு ஒரு முழுத் தாளை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு யூனிட் போதும், ஆனால் அதில் 2200-லிருந்து 8085 வரை வந்த வழியும் இருக்கட்டும். வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்கள் பின் டயகிராமுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை "ஏன்" என்று தொடங்கும் ஒரு கேள்விக்குக் கொடுங்கள். அடுத்தது கல்லூரி நிர்வாகங்களுக்கு. பல இடங்களில் 8085 கிட்களைக் கழிவு என்று கணக்கெழுதி எடைக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் முதலாமாண்டு மாணவர்களுக்கோ பக்கத்திலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கோ அவற்றைக் கொடுங்கள். ஐந்து வோல்ட் மின்சாரமும் ஒரு நல்ல ஆசிரியரும் இருந்தால் அவை இன்னும் பல வருடம் ஓடும்.